‘சுருக்கமாக’ என்னும் சொல்லின் நீளம்

தமிழில் நீண்ட பேச்சுகளைத் தொடங்கி வைக்கும் சொற்கள் பல உண்டு. அவற்றுள் தலையாயது ‘சுருக்கமாக’ என்பது. இச்சொல் ஒலிபெருக்கியில் கேட்டதும், அனுபவமுள்ள தமிழர் நாற்காலியில் சற்றே சரிந்து காலை நீட்டிக்கொள்வார். கூட்டங்களுக்குப் புதியவர்தான் நிமிர்ந்து உட்காருவார். ஒரு சொல் தன் அகராதிப் பொருளுக்கு நேர்மாறான உடலசைவைக் கேட்பவரிடம் உண்டாக்குமானால் அது ஆய்வுக்குரிய சொல்லே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் சொன்னது. ஆனால் மாலை போட்டுக்கொண்டு மைக்கின் கழுத்தைப் பிடித்து நிற்கும் ஒருவரின் வாயில் இச்சொல் என்ன பொருள்படும் என்பது எந்த அகராதிக்குள்ளும் அடங்குகிற சங்கதியல்ல. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். முடிந்தவரை சுருக்கமாக.

சொல்லின் உடற்கூறு

அளக்காமல் பேசுவது ஆய்வாளனுக்கு அழகல்ல. ‘சுருக்கமாக’ என்பதில் எழுத்து ஆறு. கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது இலக்கணிகள் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அப்படிக் கூட்டினால் இச்சொல் ஆறரை மாத்திரை வருகிறது. நன்னூல் என்னும் இலக்கணத்தை எழுதிய பவணந்தியார் இதே கருத்துக்கு எடுத்துக்கொண்ட ‘சுருங்க’ என்ற சொல் மூன்றரை மாத்திரையில் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. இன்றைய வழக்கில் நம் சொல் தனியாக வருவதும் இல்லை. ‘சுருக்கமாகச் சொல்லப்போனால்’ என்று துணையோடுதான் வரும். அது பதினான்கரை மாத்திரை. பவணந்தியாரின் சொல்லைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இன்னும் விஷயம் தொடங்கவே இல்லை என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

அடுத்து யாப்பு. அலகிட்டுப் பார்த்தால் ‘சுருக்கமாக’ நிரை நிரை நேர், அதாவது கருவிளங்காய். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே தமிழில் எந்த வெண்பாவையும் ‘சுருக்கமாக’ என்று முடிக்க முடியாது. குறளை முடிக்க முடியாது, நேரிசை வெண்பாவை முடிக்க முடியாது. முடிக்கவே முடியாத சொல் என்று இலக்கணமே ஒதுக்கி வைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் எங்கிருந்து முடிப்பார்? பாவம், குற்றம் அவருடையதல்ல. இதே குடும்பத்தில் பிறந்த ‘சுருக்கு’ என்ற சொல்லோ நிரைபு. ‘பிறப்பு’ வாய்பாட்டில் அட்டகாசமாகப் பொருந்தி எந்த வெண்பாவையும் முடித்து வைக்கும். முடிப்பது சுருக்கு. முடியாதது சுருக்கமாக. இந்த நுட்பத்தை யாப்பருங்கலக்காரிகைக்கு உரை எழுதியவர்கள் எடுத்துச் சொல்லாமல் விட்டதற்கு, அவர்கள் காலத்தில் மைக் இல்லாததே காரணமாக இருக்கக்கூடும்.

கைப்பேசி வந்த பிறகு நிலைமை மேலும் மோசம். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்துகள். தமிழை யூனிகோடில் அனுப்பினால் 70 தான். அதிலும் கருவி நம்மைப்போல் எண்ணுவதில்லை. ககரத்தைத் தனியாகவும் அதன்மேல் வைத்த புள்ளியைத் தனியாகவும், மகரத்தைத் தனியாகவும் காலைத் தனியாகவும் எண்ணுகிறது. அதன் கணக்கில் ‘சுருக்கமாக’ பத்து. ஒரு குறுஞ்செய்தியின் இடத்தில் ஏழில் ஒரு பங்கை, சுருக்கமாகச் சொல்லப்போகிறேன் என்று சொல்வதற்கே செலவழிக்கிற பெருமை வேறெந்தச் சொல்லுக்காவது உண்டா என்று பிற ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கலாம்.

இனி உறவுமுறை. துணியில் விழுவது சுருக்கம், தோலில் விழுவதும் சுருக்கம். மாட்டுக்கும் மனிதனுக்கும் கழுத்தில் விழக்கூடியது சுருக்கு. முள் குத்தினால் சுருக். மாமியார் பேச்சு குத்தினாலும் சுருக். மதுரைக்குத் தெற்கே ‘சுருக்கா வா’ என்றால் வேகமாக வா என்று பொருள். யாழ்ப்பாணத்தில் வல்லின றகரம் போட்டுச் ‘சுறுக்கா வா’ என்பார்கள். அங்கே நீட்டி முழக்கினால் பஸ் போய்விடும். இத்தனை உறவுகளில் மேடைச் சுருக்கம் யாருடைய பிள்ளை என்பது பெரிய வழக்கு. இவ்வாய்வாளன் கருத்தில் அது பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் நேர் வாரிசு. வெளியிலிருந்து பார்த்தால் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். கயிற்றை இளக்கிக் கையை விட்டால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, காது குடையும் குச்சி, பழைய பத்துப் பைசா, பேரனுக்கென்று எடுத்து வைத்து ஈரமாகிப்போன கல்கண்டு என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் பாட்டி தேடிய சாவி மட்டும் அதில் இருக்காது.

பவணந்தியார் சொன்னதும் நாம் கேட்டதும்

சுருக்கத்தைப் பற்றித் தமிழில் சட்டம் எழுதியவர் பவணந்தி முனிவர். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய நன்னூலில் நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்தும், இருக்க வேண்டிய அழகுகள் பத்தும் சொல்லப்பட்டிருக்கின்றன. அழகுகளில் முதல் இடம் சுருங்கச் சொல்லலுக்கு. இரண்டாம் இடம் விளங்க வைத்தலுக்கு. இந்த வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாத தமிழர் குறைவு. மனப்பாடம் செய்ததோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் மிகுதி.

ஆனால் நன்னூலைக் குற்றம் சொல்பவர்களும் பேச்சாளர்களைக் குற்றம் சொல்பவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குற்றங்களின் வரிசையில் முதலாவது எது? குன்றக் கூறல். அதாவது சொல்ல வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. மிகைபடக் கூறல் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. முதற்குற்றத்துக்கு அஞ்சி ஓடுகிறவன் இரண்டாம் குற்றத்தில் போய் விழுவது இயற்கை. தமிழ்ப் பேச்சாளர்கள் இலக்கணத்துக்கு அஞ்சியே நீட்டுகிறார்கள் என்று முதன்முதலாக நிறுவிய பெருமை இவ்வாய்வுக்கு உரியது.

மூன்றாவது கூறியது கூறல். இது குற்றம் என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் கூறியதை அவரே கூறினால்தான் குற்றம். முன்னால் பேசியவர் கூறியதை நாம் கூறினால் அது வழிமொழிதல். எனவே மேடையில் எட்டுப் பேர் இருந்தால் ஒரு செய்தியை எட்டு முறை குற்றமின்றிக் கூறலாம். மற்றொன்று விரித்தல் என்பது எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது. நூல் வெளியீட்டு விழாவில் ஆசிரியரின் புத்தகத்தை விட்டுவிட்டு ஆசிரியரின் மாமனார் தமக்கு 30 ஆண்டு நண்பர் என்பதை விரிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. சென்று தேய்ந்து இறுதல் என்பது, போகப் போகச் சொல்லின் வலி தேய்ந்து மெலிந்து முடிவது. ஒலிபெருக்கிக்காரர் பொறுமையிழந்து சத்தத்தைக் குறைக்கும் இடத்தில் இது கண்கூடாக விளங்கும்.

பத்தாம் குற்றமான நின்று பயனின்மைக்கு உரையாசிரியர்கள், சொற்கள் இருந்தும் பயன் இல்லாதிருப்பது என்று பொருள் கொண்டனர். உரையாசிரியர்களின் பெருமைக்கு இழுக்கு வராமல் ஒரு திருத்தம் சொல்லலாம். நிற்பவை சொற்கள் அல்ல, பேச்சாளர். அவர் மைக்கின் முன் நிற்பதையும் அதனால் விளையும் பயனின்மையையும் முனிவர் ஞானக்கண்ணால் கண்டு எழுதிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

நன்னூலாரிடமும் கேட்க ஒரு கேள்வி உண்டு. சுருங்கச் சொல் என்று அவர் சொல்லும் இடம் நூலின் பாயிரம். அந்தப் பாயிரம் மட்டும் 55 நூற்பா. மொத்த நூலே 462 நூற்பாதான். மேலும், பாயிரம் என்பதற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம் என்று தொடங்கி ஏழு பெயர்களை அடுக்கிக் காட்டுகிறார். நூல் எத்தனை பெரிதாக இருந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே அல்ல என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார். தொடங்குவதற்கு முந்தைய பேச்சுக்கு ஏழு பெயர் வைத்திருக்கும் மொழியில் பிறந்தவர்கள் நாம். இன்றைய விழா அழைப்பிதழ் அந்த மரபை வளர்த்திருக்கிறது: வரவேற்புரை, தலைமையுரை, நோக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, தொகுப்புரை, ஏற்புரை, நன்றியுரை. எட்டு. பவணந்தியாரைவிட ஒன்று கூடுதல். இதில் ‘சுருக்கவுரை’ என்று ஒன்று எந்த அழைப்பிதழிலும் அச்சாகாததை நோக்குக.

குறளின் சுருக்கத்தைப் பாராட்டிய கதையும் இங்கே பொருந்தும். வள்ளுவர் ஒரு கருத்துக்கு இரண்டடி, ஏழு சீர் என்று 1330 இடங்களில் கட்டுப்பாடாக இருந்தார். பயனில்லாத பேச்சைப் பேசாதே என்று ஓர் அதிகாரமே வைத்தார். சொல்வன்மை அதிகாரத்தில், குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்கள்தாம் பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார்கள் என்று போட்டு உடைத்தார். இந்தச் சுருக்கத்தைப் புகழ்வதற்கென்றே புலவர்கள் பலர் பாடியதாகத் தொகுத்த திருவள்ளுவமாலையில் பெரும்பாலானவை நான்கடி வெண்பாக்கள். அதாவது இரண்டடியின் அருமையைச் சொல்ல அதைப்போல் இரு மடங்கு இடம் தேவைப்பட்டது. இடைக்காடர், ஔவையார் பெயரில் உள்ளவை மட்டும் குறளுக்குக் குறளாலேயே மாலை சூட்டின. ஊரெல்லாம் நினைவில் வைத்திருப்பதும் அந்த இரண்டைத்தான்.

சூத்திரம் ஒருவர், உரை ஒன்பது பேர்

இங்கே ஒரு பேருண்மையை நெருங்குகிறோம். தமிழ் மரபில் சுருக்கம் என்பது முடிவல்ல, வித்து. ஒருவர் சுருக்கமாகச் சொல்வதே மற்றவர்கள் விரிவாகப் பேச வேண்டும் என்பதற்காகத்தான். சூத்திரம் குறுகியிருக்கும்; கண்ணாடிக்குள் உருவம் தெரிவதுபோல் சில எழுத்துக்குள் பல பொருள் தெரிய வேண்டும் என்று அதற்கு இலக்கணமும் உண்டு. ஆனால் கண்ணாடி எதிரே இருந்தால் யார் சும்மா இருப்பார்? அதற்குக் காண்டிகை என்று ஓர் உரை. போதவில்லை என்றால் விருத்தி என்று இன்னோர் உரை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்குமாக ஒரு விருத்தி எழுதினார். ஒரு சூத்திரம், ஒரு நூல். தமிழறிந்தவர்கள் இன்றும் அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், நியாயமும்கூட. தொல்காப்பியர் அந்தச் சூத்திரத்தை நீட்டி எழுதியிருந்தால் முனிவருக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும்.

இதைவிட அருமையான சான்று இறையனார் களவியல் உரைக்குள் இருக்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தீர்ந்த பிறகு புலவர்களைத் திரும்ப அழைத்தால், எழுத்தும் சொல்லும் யாப்பும் தெரிந்தவர்கள் வந்தார்களே ஒழியப் பொருளதிகாரம் வல்லவர் யாரும் கிடைக்கவில்லை. அரசன் கவலைப்பட்டான். மதுரை ஆலவாய்க் கடவுள் இரக்கப்பட்டு 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே போட்டுவிட்டுப் போனார். கடவுளல்லவா, அறுபதோடு நிறுத்திக்கொண்டார். சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கோர் உரை எழுதினார்கள். எவர் உரை மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டுமே. அதற்கு அமர்த்தப்பட்டவர் உருத்திரசன்மன், ஐந்து வயதுப் பிள்ளை. வாய் பேசாத பிள்ளை. வரிசையாக எல்லாருடைய உரையையும் அமைதியாகக் கேட்ட அப்பிள்ளை, மருதன் இளநாகனார் உரைக்கு இடையிடையே கண்ணீர் விட்டது; நக்கீரனார் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தது. நக்கீரர் உரையே வென்றது.

49 நீண்ட உரைகளைக் கேட்டு முடித்து, ஒரு சொல்கூடப் பேசாமல் தீர்ப்புச் சொன்னவர் ஒருவர் தமிழில் இருந்திருக்கிறார். சுருக்கத்தின் எல்லை அது. அந்தக் கண்ணீர் உரையின் சிறப்பால் வந்ததா, நீளத்தால் வந்ததா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். அப்படி ஐயுறுபவர்கள் தொடர்ந்து இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்களாக இருக்க வேண்டும்.

மேடை வழக்கு

இலக்கணத்தில் ‘சுருக்கமாக’ வினையடை. ‘சுருக்கமாகப் பேசினார்’ என்றால் பேசினார் என்ற வினைக்கு அடை. மேடையில் அது வினையைத் தொடுவதே இல்லை. பிறகு அதன் வேலைதான் என்ன? நன்னூலார் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சொல்லக்கூடாததை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது இரண்டாவது. ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விளங்கும்படி சொல்வது மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை இதற்குக் காட்டுவார்கள்.

‘சுருக்கமாக’ இந்த மூன்றில் எது? நச்சுப் பல் உடையதை நாம் நல்ல பாம்பு என்கிறோம். இறந்தவரை இறைவனடி சேர்ந்தார் என்கிறோம். அதே முறையில்தான் ஒரு மணி நேரம் ஓடப்போகும் பேச்சைச் சுருக்கம் என்கிறோம். எனவே இது மங்கல வழக்கு என்பதே பொருத்தம். ஆனால் குழூஉக்குறி என்று வாதிடுவோரையும் தள்ளிவிட முடியாது. விழா அமைப்பாளர் பேச்சாளரின் காதருகே குனிந்து, “ஐயா, சுருக்கமா ரெண்டு வார்த்தை” என்கிறார். ஐயா, “அதுக்கென்ன, முடிச்சிடுவோம்” என்கிறார். உடனே அமைப்பாளர் பின்புறம் திரும்பிச் சமையற்காரரிடம், “அண்ணே, ரவையை இப்பப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு வருகிறார். மூவருக்கும் பொருள் விளங்கியிருக்கிறது. அகராதி மட்டும்தான் ஏமாந்தது.

‘இரண்டு வார்த்தை’ என்ற கட்டுப்பாட்டைப் பேச்சாளர்கள் மீறுகிறார்கள் என்பதும் பழிச்சொல். தமிழ் ஒட்டுநிலை மொழி. வேரோடு விகுதியை ஒட்டலாம், அதோடு வேற்றுமையை ஒட்டலாம், உம்மையை ஒட்டலாம், ‘எல்லாம்’ ஒட்டலாம். ‘வாழ்த்திக்கொண்டிருப்பவர்களுக்கெல்லாம்’ என்பது கண்ணுக்கு ஒரே சொல்லாகத்தான் தெரிகிறது. புணர்ச்சி விதி தெரிந்தவர் முன்சொல்லின் கடைசி எழுத்தைப் பின்சொல்லின் முதலெழுத்தோடு சேர்த்துக்கொண்டே போனால் மூச்சு விடும் வரைக்கும் அது ஒரு சொல்தான். முதல் மூச்சு ஒரு வார்த்தை. ஒரு மடக்குச் சோடா. இரண்டாம் மூச்சு இரண்டாம் வார்த்தை. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி உள்ள பேச்சாளரை அழைத்தது அமைப்பாளரின் தவறு.

இச்சொல்லோடு கூடவே வரும் பரிவாரச் சொற்களையும் பதிவு செய்தாக வேண்டும். ‘காலத்தின் அருமை கருதி’ என்பது பேச்சின் முதற்பாதி இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம். ‘எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்’ என்றால், அவை அனைத்தும் மீண்டும் வரும். ‘நிறைவாக’ என்பது இடைவேளை. ‘இறுதியாக’ வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்வரலாம். ‘ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லி’ என்பதில் வரும் எண், கணித நூலில் வரும் ஒன்று அல்ல.

இவற்றுக்கெல்லாம் எதிராகத் தமிழ்ச் சமூகம் கண்டுபிடித்த ஒரே ஆயுதம் துண்டுச் சீட்டு. சிகரெட் அட்டையளவு காகிதத்தில் ‘நேரமாகிறது’ என்று எழுதி மேடையின் ஓரமாகக் குனிந்து நடந்து வந்து கொடுப்பார்கள். கொடுப்பவர் முகத்தில் ஒரு குற்றவுணர்ச்சி இருக்கும். பேச்சாளர் சீட்டை வாங்கிக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படிப்பார். பிறகு அதை அவையினருக்கு உயர்த்திக் காட்டுவார். “தம்பி நேரமாகுதுன்னு சீட்டு அனுப்பியிருக்கார். நேரம்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு நினைவுக்கு வருது...” இதன்பின் கால் மணி நேரம் நேரத்தைப் பற்றி. சுருக்கத்துக்காக அனுப்பிய சீட்டு, பேச்சுக்குத் தீனியாக மாறிவிடும். பட்டிமன்ற நடுவரின் மணி இதைவிட மேலானது என்பது இவ்வாய்வாளனின் துணிபு. மணியில் எழுத்து இல்லை, எடுத்து விரிக்க முடியாது.

வீட்டு வழக்கு இவ்வளவு சிக்கலானதல்ல. தொலைபேசியில் ‘சரி, வச்சிடறேன்’ என்பதுதான் அங்கே ‘சுருக்கமாக’. அதற்குப் பிறகுதான் முக்கியமான செய்தி வரும்.

விலை வைத்த சுருக்கம்

அப்படியென்றால் மெய்யான சுருக்கம் தமிழ்நாட்டில் இருந்ததே இல்லையா? இருந்தது. சொல்லுக்கு விலை வைத்தபோது இருந்தது. தந்தியில் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. முகவரியையும் எண்ணுவார்கள் என்பதால் கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் தெருவையும் ஊரையும் ஒரே சொல்லாகப் பதிந்து, ‘தந்தி விலாசம்’ என்று கடிதத்தாளின் தலையில் அச்சடித்துக்கொண்டார்கள். மேடையில் தம் பெயருக்கு முன் நான்கு பட்டம் எதிர்பார்த்த அதே முதலாளிதான், தபாலாபீஸ் கவுண்டரில் தம் குலமுறை முழுவதையும் ஒற்றைச் சொல்லுக்குள் திணித்தார். நாட்டிலேயே பெயர்பெற்ற தந்தி ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்பது. நான்கே சொல். அதில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, கண்ணீர் உண்டு, மேலதிகாரிக்குக் காட்டி விடுப்பு வாங்கும் வசதியும் உண்டு. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் இரண்டும் இவ்வளவு கச்சிதமாகக் கூடிய தொடர் வேறில்லை. என்ன, தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தாலே கிராமத்தில் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். சுருக்கமான செய்தி என்றால் கெட்ட செய்தி என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிப்போனது அப்போதுதான். நல்ல மனிதர்கள் நீட்டிப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 2013 ஜூலையில் தந்திச் சேவை மூடப்பட்டது. அதோடு சொல்லை எண்ணிக் காசு வாங்கும் கடைசிக் கவுண்டரும் போயிற்று.

இன்னொரு மெய்ச்சுருக்கம் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இருந்தது. பாடல்களுக்கு முன்னால் கதைச்சுருக்கம் என்று ஒரு பக்கம். நாயகி ஆற்றில் குதித்துவிடுவாள், நாயகன் சிறையில் இருப்பான், வில்லன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பேனாவை நீட்டுவான். அந்த இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்திய உரைநடை தமிழில் அதுவே. பெயர் போடாத அந்த ஆசிரியர்களைப் பற்றி இலக்கிய வரலாறுகள் ஒரு வரி எழுதவில்லை. அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்த அத்தை ‘சுருக்கமாச் சொல்றேன்டி’ என்று தொடங்கினால் படத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாகும். சண்டைக் காட்சியும் அவளே.

சுருக்கெழுத்து என்ற ஒன்றும் உண்டு. பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. ஐசக் பிட்மன் 1837-இல் தம் முறையை வெளியிட்டதும், அதைத் தழுவித் தமிழுக்குக் கோடும் புள்ளியும் வகுத்ததும், பேசுபவர் பேச்சில் ஒரு சொல்லும் விடுபடாமல் எழுதத்தான். சுருக்கெழுத்தர் கையைச் சுருக்கினார். பேச்சாளர் வாய் அதனால் இன்னும் விரிந்தது. எழுதிக்கொள்ள ஆள் இருக்கும்போது எதற்காக நிறுத்த வேண்டும்? நீளப் பேச்சின் வரலாற்றில் ஒலிபெருக்கிக்கு அடுத்த குற்றவாளி சுருக்கெழுத்தே.

நோய் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ்த் தேர்வில் குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று மூன்று. குறுவினாவுக்கு மதிப்பெண் சொற்பம். நெடுவினாவுக்குத்தான் அள்ளிக் கொடுப்பார்கள். கூடுதல் விடைத்தாள் வாங்கி நூலால் கட்டிய பையனைப் பார்த்து மற்றப் பையன்களுக்குக் கை நடுங்கும். சுருக்கத்துக்குச் சில்லறையும் நீளத்துக்கு நோட்டும் கொடுத்து வளர்த்த பிள்ளை, வளர்ந்து மேடையேறியதும் சில்லறை தேடுவானா? அரசுத் தேர்வுகளில் ‘சுருக்கி வரைக’ என்று ஒரு பகுதியை மூன்றில் ஒன்றாக்கச் சொல்வது உண்டு. அங்கேயும் சுருக்கச் சொல்வது பிறர் எழுதியதை. தன் சொந்தப் பேச்சை மூன்றில் ஒன்றாக்கு என்று எந்தத் தேர்விலும் கேட்டதாகத் தெரியவில்லை.

பரிந்துரை

ஆய்வு என்றால் அரசுக்குப் பரிந்துரை செய்துதான் முடிய வேண்டும். இதில் புதிய சட்டம் தேவையில்லை, இருப்பதே போதும். கடலில் சுருக்குமடி வலை என்று ஒன்று உண்டு. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் போட்டு, வலையின் அடியில் உள்ள வளையங்களின் வழியே ஓடும் கயிற்றை இழுத்தால் அடி மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்டது சிறிதோ பெரிதோ, எதுவும் தப்பாது. கதவைச் சாத்திவிட்டுச் ‘சுருக்கமாக’ என்று தொடங்கும் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தமிழ்நாடு அரசு இந்த வலையை 2000-இல் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு: வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்.

‘சுருக்கமாக’ என்று தொடங்கும் பேச்சுகளுக்கும் இதே நிபந்தனைகளை, கடல் மைல் உட்பட, அப்படியே நீட்டிக்குமாறு உரியவர்களை இவ்வாய்வு கேட்டுக்கொள்கிறது.